செவ்வாய் விண்கல், 0.62 கிராம் துண்டு: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

செம்மண்:

வணக்கம். கோண்ட்ரைட், அதாவது பரவலாகக் கிடைக்கும் கல் விண்கற்கள், ஏழெட்டு சேர்ந்துவிட்டன. அடுத்தது செவ்வாயிலிருந்து வந்ததாக ஒன்று வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் இரண்டு காட்டியிருக்கிறார்.

முதலாவது, டிஸ்ஸிண்ட் என்று சீட்டுப் போட்ட ஸ்லைஸ். 0.62 கிராம், 14 × 11 மி.மீ., கனம் 1.2 மி.மீ. வெளிர்சாம்பல் நிறம், மங்கிய மஞ்சள்பச்சையில் ஆலிவின் கனிம மணிகள், ஊடே கறுப்புக் கண்ணாடி இழை. ஒரு ஓரத்தில் பளபளப்பான கறுப்பு மேலோடு (காற்றில் பாயும்போது உருகி உறைந்த படலம்).

இரண்டாவது, 4 கிராம் முழுக்கல். "என்டபிள்யூஏ, செவ்வாய், இன்னும் வகைப்படுத்தவில்லை" என்று எழுதியிருக்கிறார். கிராம் விலை முதலாவதில் மூன்றில் ஒரு பங்குதான்.

எது தேவலை? செவ்வாய்க் கல்தான் என்று வீட்டிலேயே உறுதிசெய்ய முடியுமா? என்னிடம் 10 மடங்கு லூப், 0.001 கிராம் தராசு, கல்லூரி மாணவர்கள் பயன்படுத்தும் நுண்ணோக்கி ஆகியவை உண்டு. கடலோர ஊர் என்பதால் பத்திரப்படுத்துவது பற்றியும் சொல்லுங்கள்.

கல்கண்டான்:

இரண்டாவதை இப்போதே விட்டுவிடுங்கள். வகைப்படுத்தாத கல்லுக்குச் செவ்வாய் என்று பெயர் வைப்பது விற்பவரின் ஆசை, அவ்வளவுதான். அதை நீங்களே வகைப்படுத்தலாம் என்று நினைத்தால் கணக்கைப் பாருங்கள். பெயர் பதிவாக வேண்டுமானால் கல்லின் எடையில் 20 சதவீதம் அல்லது 20 கிராம், இரண்டில் எது குறைவோ அதை ஓர் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் மாதிரியாக ஒப்படைக்க வேண்டும். 4 கிராமில் 0.8 போய்விடும். நுண்ணோக்கியில் பார்க்கும் மெல்சீவல் செய்யவும் ஆக்சிஜன் ஐசோடோப்பு அளக்கவும் இன்னும் கொஞ்சம். இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கும் ஆய்வாளர் வேறு கிடைக்க வேண்டும். கடைசியில் அது யூக்ரைட் என்று வந்தால், வெஸ்டா என்ற சிறுகோளின் கல் ஒன்றைச் செவ்வாய் விலையில் வாங்கியவர் ஆவீர்கள்.

"என்டபிள்யூஏ" என்பது நாட்டின் பெயர் அல்ல. வடமேற்கு ஆப்பிரிக்கா என்ற பரந்த பகுதி, கண்டெடுத்த இடம் துல்லியமாகப் பதிவாகவில்லை என்பதுதான் அதன் பொருள். எண் இருந்தாலும் விண்கல் பெயர்களைப் பதிவுசெய்யும் மீட்டியாரிட்டிகல் புல்லட்டின் தரவுத்தளத்தில் தேடுங்கள். தற்காலிக எண் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்புதலான எண்ணுக்குத்தான் கனிமப் பகுப்பாய்வோடு முழுப் பதிவு இருக்கும். அதில் மொத்த எடை, எத்தனை துண்டு, மாதிரி எங்கே இருக்கிறது, பெரிய துண்டு யாரிடம் என்பதையெல்லாம் படித்துவிட்டு, உங்களுக்குக் காட்டும் துண்டு அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 300 கிராம் என்று பதிவான கல்லின் துண்டுகள் சந்தையில் 500 கிராம் ஓடினால் எங்கோ தப்பு நடக்கிறது.

"பெயரிங்", அதாவது இரண்டு கற்கள் ஒரே வீழ்ச்சியைச் சேர்ந்த ஜோடி என்று சொல்வது, அந்தச் சொல்லிலும் ஜாக்கிரதை. என்டபிள்யூஏ 7034, அதாவது பிளாக் பியூட்டி, 320 கிராம் கல். அதே வீழ்ச்சியைச் சேர்ந்தவை என்று 7533, 7475 போன்ற எண்களுக்குத் தனித்தனியே பகுப்பாய்வு நடந்திருக்கிறது. எண்ணே இல்லாத ஒரு கறுப்புக் கல்லைக் காட்டி "7034-இன் ஜோடி" என்றால், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

இனி டிஸ்ஸிண்ட். மொராக்கோவின் தெற்கே 2011 ஜூலை 18 அதிகாலையில் விழுந்தது. கண்முன்னே விழுந்த செவ்வாய்க் கற்கள் ஐந்துதான்: சாஸிக்னி (1815), ஷெர்காட்டி (1865), நக்லா (1911), ஜகாமி (1962), டிஸ்ஸிண்ட். ஷெர்காட்டி விழுந்தது நம் பீகாரில். அதன் பெரும்பகுதி கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. அந்தப் பெயரில் யாராவது கொழுத்த துண்டு விற்க வந்தால், எந்த அருங்காட்சியகப் பரிமாற்றத்தில் வெளியே வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் சொன்ன நிறம், ஆலிவின், கறுப்புக் கண்ணாடி எல்லாம் டிஸ்ஸிண்டுக்குப் பொருந்துகிறது. எடை பொருந்தவில்லை. டிஸ்ஸிண்ட் சேரும் ஷெர்காட்டைட் என்ற செவ்வாய்க் கல் வகையின் அடர்த்தியை கன செ.மீ.-க்கு 3.2 கிராம் என்று வையுங்கள். 14 × 11 என்பது நீள அகலம். துண்டு ஒழுங்கற்ற வடிவம் என்பதால் முகப்பரப்பு அதில் முக்கால் பங்கு, சுமார் 1.15 சதுர செ.மீ. அதை 0.12 செ.மீ. கனத்தால் பெருக்கினால் 0.14 கன செ.மீ., எடை 0.44 கிராம். துண்டு முழுச் செவ்வகமாகவே இருந்தாலும் 0.59 தான் வரும். 0.62 எப்படி வந்தது? பெட்டியோடு சேர்த்து நிறுத்தாரா, வேறு துண்டின் படத்தைப் போட்டாரா, ஒரு பக்கம் தடித்த ஆப்பு வடிவமா? நான்கு ஓரங்களிலும் காலிப்பர் வைத்து அளந்த கனம், தராசில் துண்டு மட்டும் இருக்கும் படம், இரண்டையும் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

நுண்ணோக்கி:

வீட்டுச் சோதனை எல்லாம் "இது இல்லை" என்று சொல்லத்தான் உதவும். "இதுதான்" என்று சொல்ல உதவாது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

செவ்வாய் என்று முடிவு கட்டுவது இரண்டு எண்களை வைத்து. ஒன்று ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம்: வரைபடத்தில் பூமிக் கற்கள் விழும் கோட்டுக்கு மேலே, ஆயிரத்துக்கு சுமார் 0.3 பங்கு விலகி செவ்வாய்க் கற்கள் விழும். யூக்ரைட் அதே கோட்டுக்குக் கீழே விழும். இரண்டாவது, பைராக்சீன், ஆலிவின் என்ற கனிமங்களில் உள்ள இரும்பு-மாங்கனீசு விகிதம். செவ்வாயின் காற்றே கல்லுக்குள் அடைபட்டிருப்பது தெரிந்தது அண்டார்டிகாவின் இஇடிஏ 79001 கல்லில்: அதன் கண்ணாடிக்குள் சிக்கிய வாயுவை 1983-இல், செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களின் அளவீட்டோடு ஒப்பிட்டார்கள். இவற்றில் எதுவும் சமையலறை மேஜையில் நடக்கிற காரியம் அல்ல.

எக்ஸ்கதிரால் தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி யாரிடமாவது இருந்தால் முதல் சல்லடைக்கு ஆகும். மொத்தக் கல்லில் இரும்பையும் மாங்கனீசையும் வகுத்தால் ஷெர்காட்டைட்டில் 35, 40-ஐ ஒட்டி வரும். தக்காணத்துக் கருங்கல் போன்ற பூமி பசால்ட்டில் 60-ஐத் தாண்டும். ஆனால் யூக்ரைட்டும் 35-ஐ ஒட்டியே வரும், அங்கே இந்தச் சல்லடை ஓட்டை. அந்த இரண்டையும் பிரிக்க சோடியம் பார்க்க வேண்டும், கையடக்கக் கருவிக்குச் சோடியம் தெரியாது. பாலைவனக் கல்லின் வெடிப்புகளில் சுண்ணாம்பு புகுந்திருந்தால் கால்சியம் எண்ணும் கெட்டுவிடும். நகைக்கடைக் கருவியில் வைத்து எண் வாங்கி வராதீர்கள். அது தங்கத்துக்கு அளவு திருத்தியது.

உங்கள் நுண்ணோக்கியால் செய்யக்கூடிய உருப்படியான சோதனை ஒன்று உண்டு. பெட்டிக்குள் எப்போதும் நாலைந்து துகள் உதிர்ந்து கிடக்கும். அதில் 0.1 மி.மீ. அளவுள்ள சிலவற்றை ஈரமான பல்குச்சி நுனியால் எடுத்து கண்ணாடித் தகட்டில் போட்டு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமான கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மேலே மூடுதகடு வையுங்கள். கிராம்பு எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.53. மாஸ்கலினைட் என்ற கண்ணாடியின் எண்ணும் அதற்கு மிக அருகில் இருப்பதால் அந்தத் துகள்கள் எண்ணெயில் கரைந்ததுபோல் ஓரம் மங்கி மறையும். பைராக்சீன், ஆலிவின் துகள்களின் எண் 1.7 பக்கம் என்பதால் கறுத்த விளிம்போடு புடைத்து நிற்கும்.

அடுத்து, ஒளிமூலத்தின் மேல் ஒரு போலராய்டு படலம், கண்வில்லையின் மேல் குறுக்கே இன்னொன்று. பழைய எல்சிடி கால்குலேட்டர் திரையிலிருந்து உரித்ததே போதும். பைராக்சீன் நிறம் காட்டும், தகட்டைச் சுழற்றினால் 90 பாகைக்கு ஒரு முறை அணையும். மாஸ்கலினைட் எப்படிச் சுழற்றினாலும் இருட்டாகவே இருக்கும். அந்த இடத்தில் சாம்பல் வெள்ளையாக மின்னி அணையும் பிளேஜியோகிளேஸ் கனிமம் நிறைய தென்பட்டால், அது மோதல் அதிர்ச்சி படாத கல், பெரும்பாலும் சாதாரண பசால்ட். டிஸ்ஸிண்ட் என்ற கோரிக்கை அங்கேயே முடிந்தது.

மாஸ்கலினைட் இருந்துவிட்டால் செவ்வாய் என்றும் ஆகாது. மோதல் அதிர்ச்சியில் பிளேஜியோகிளேஸ் உருகாமலே கண்ணாடியாவதுதான் அது. 1872-இல் ஷெர்காட்டி கல்லில் முதலில் அடையாளம் கண்டார்கள், சரி. ஆனால் மகாராஷ்டிரத்தில் 1.8 கி.மீ. அகல லோணார் பள்ளத்தின் அதிர்ந்த பசால்ட்டிலும் அதே மாஸ்கலினைட் இருக்கிறது. நிலவுக் கல்லில் உண்டு, அதிர்ந்த கோண்ட்ரைட்டிலும் உண்டு.

காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். ஷெர்காட்டைட்டில் உலோக இரும்பு இல்லாததால் நூலில் தொங்கும் காந்தம் லேசாகத்தான் சாயும். அதைப் பார்த்து உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. கல்லுக்கோ நஷ்டம். பிளாக் பியூட்டியும் அதன் ஜோடிகளும் செவ்வாயின் பழைய காந்தப்புலத்தைப் பதிந்து வைத்திருக்க வாய்ப்புள்ள அரிய கற்கள். கண்டெடுத்தவர்களும் வியாபாரிகளும் கைக்காந்தம் வைத்துப் பார்த்ததில் அந்தப் பதிவு அழிந்துபோயிருந்தது என்று 2023-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் எழுதினார்கள். நியோடிமியம் காந்தம் ஒரே ஒரு முறை தொட்டால் போதும்.

மேலோட்டுக்கு ஒரு சின்னச் சோதனை. ஷெர்காட்டைட் ஓடு உருகிய தார் போலப் பளபளக்கும், கோண்ட்ரைட் ஓடு மங்கலாக இருக்கும். விரல் நகத்தின் கனம்கூட இராது. வெட்டுமுகத்தில் லூப் வைத்தால் ஓட்டுக்கும் உள்கல்லுக்கும் நடுவே கோடு தெரிய வேண்டும். அசிட்டோன் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒரு மூலையில் மட்டும் தடவுங்கள். பஞ்சு கறுத்தால் அது மார்க்கர் பேனா. ரெசின் ஏற்றி இறுக்கிய துண்டா என்று விற்பவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ரெசின் இருந்தால் அசிட்டோன் வேண்டாம்.

பொட்டலம்:

இருவரும் கல்லைப் பார்த்தார்கள், நான் காகிதத்தைப் பார்க்கிறேன்.

ஏஎல்எச், இஇடிஏ, யமடோ என்று தொடங்கும் பெயரோடு எதையாவது விற்கிறார்களா? விலகிவிடுங்கள். அவை அண்டார்டிகாவில் அரசு ஆய்வுக்குழுக்கள் எடுத்தவை, ஆய்வுக்கு மட்டுமே தருவார்கள். உயிரின் தடயம் என்று 1996-இல் பெரிய பேச்சான ஏஎல்எச் 84001, 1.93 கிலோ, அந்த வகைதான்.

ஆப்பிரிக்க, அரேபியக் கற்களில் ஏற்றுமதிச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அல்ஜீரியா பண்பாட்டுச் சொத்தாகக் கருதி வெளியே விடுவதில்லை. ஓமனிலும் அனுமதி இல்லாமல் எடுத்துப் போக முடியாது. மொராக்கோவில் உரிமமும் ஏற்றுமதி அனுமதியும் வேண்டும். நைஜர் கதை புதிது: அகாடெஸ் பகுதியில் 2023 நவம்பரில் கிடைத்த 24.67 கிலோ என்டபிள்யூஏ 16788, 2025 ஜூலையில் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் கட்டணங்களோடு 53 லட்சம் டாலருக்குப் போனது. அந்தக் கல் எப்படி வெளியேறியது என்று நைஜர் அரசு விசாரணை தொடங்கியது, விண்கல் ஏற்றுமதியையும் நிறுத்திவைத்தது. ஆக, "எந்த ஆண்டு, எந்த நாட்டிலிருந்து, எந்த அனுமதியில்" என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலை ரசீதோடு வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்க நினைத்தாலும் வாங்குபவர் இதையே கேட்பார்.

அந்த ஏலத்தை வகுத்தால் கிராம் சுமார் 215 டாலர். "பெரிய கல்லே இவ்வளவுதான், உன் துண்டுக்கு ஏன் இந்த விலை" என்று பேரம் பேச அதைக் கொண்டுபோகாதீர்கள். 25 கிலோவை முழுசாக வாங்கக்கூடியவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவு. ஸ்லைஸில் வெட்டுச் சேதாரம் இருக்கிறது: 0.3 மி.மீ. வைர வயர் வைத்து 1 மி.மீ. துண்டு போட்டால், ஒவ்வொரு துண்டுக்கும் அதன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தூளாகப் போகும். தடித்த பிளேடு என்றால் பாதி. அந்தத் தூளின் விலையும் உங்கள் துண்டின் தலையில்தான் விழும். கண்முன்னே விழுந்த கற்களுக்குப் பெயர்மதிப்பு தனி. நக்லா விற்பவர் "நாயைக் கொன்ற கல்" என்று ஆரம்பித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அந்த நாய்க்கு உறுதியான சான்று கிடையாது.

தபாலில் வரும்போது ரசீதில் விண்கல்லின் பெயர், வகை, மூன்று தசமம் வரை எடை, வெட்டித் தீட்டிய சேகரிப்புத் துண்டு என்ற விவரம், உண்மையான விலை எல்லாம் இருக்கட்டும். கனிமச் சேகரிப்புப் பொருள்கள் சுங்கப் பட்டியலில் 9705 தலைப்பில் வரும். வரி விகிதத்தை வாங்கும் வாரத்தில் சுங்க முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருக்கும். "பரிசு, 10 டாலர்" என்று எழுதி அனுப்பச் சொல்பவர்கள் உண்டு. பொட்டலம் தொலைந்தால் காப்பீடும் 10 டாலருக்குத்தான், பிரித்துப் பார்த்தால் பறிமுதல்.

செம்மண்:

மூவருக்கும் நன்றி. இரண்டாவது கல்லை விட்டாயிற்று. டிஸ்ஸிண்டுக்குப் படம் வந்துவிட்டது: தராசில் துண்டு மட்டும், 0.619 கிராம். கனம் ஓட்டுப் பக்கம் 2.1 மி.மீ., எதிர் ஓரம் 1.2. யாரிடமிருந்து வாங்கினார் என்று இரண்டு கைமாறல் வரை சீட்டும் இருக்கிறது. இனி பத்திரப்படுத்துவது பற்றி யாராவது சொல்லுங்கள்.

கல்கண்டான்:

சராசரி 1.65 மி.மீ. அதே 1.15 சதுர செ.மீ. பரப்புக்கு 0.61 கிராம் வருகிறது. எடை சரி. ஆப்பு வடிவம்தான், ஏமாற்று இல்லை. ஆனால் பேரத்துக்கு இடம் உண்டு: இதே எடையில் சீரான 1.2 மி.மீ. துண்டு என்றால் முகப்பரப்பு 1.6 சதுர செ.மீ. கிடைத்திருக்கும். நீங்கள் காசு கொடுப்பது பார்க்க முடியாத கனத்துக்கு. கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், பழைய சீட்டுகளின் அசலையும் கேட்டு வாங்குங்கள்.

கல் வந்து சேர்ந்ததும் அடர்த்தி பார்க்க நினைத்தால் குழாய்த் தண்ணீரில் போடாதீர்கள், அதிலுள்ள குளோரைடு வெடிப்புகளுக்குள் தங்கிவிடும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய நூலில் தொங்கவிட்டு நிறுங்கள். எடை குறைவை 0.785-ஆல் வகுத்தால் கன அளவு. குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாகக் காட்டும், அதனால் இரண்டு நிமிடம் ஊறவிட்டு எண் எடுங்கள். 0.01 கிராம் தராசில் இதைச் செய்வது வீண்; இந்த அளவுத் துண்டில் கடைசி இலக்கம் ஒன்று பிசகினால் விடை 3.0-க்கும் 3.4-க்கும் நடுவே எங்கேயாவது நிற்கும்.

உலர்பெட்டி:

கோண்ட்ரைட் வைத்துப் பழகியவருக்கு இது சுலபம். செவ்வாய்க் கல்லில் உலோக இரும்பு இல்லை, துரு உங்கள் முதல் எதிரி இல்லை. இங்கே பயப்பட வேண்டியது இரண்டுக்கு: இரும்பு சல்பைடு மணிகள் ஈரத்தில் பழுப்புக் கறையாக ஊறுவது, துண்டு உதிர்வது. டிஸ்ஸிண்ட் விழுந்த சில மாதங்களில் வறண்ட நிலத்திலிருந்து பொறுக்கப்பட்டது என்பதால்தான் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தத்தைக் கடற்காற்றில் தொலைக்க வேண்டாம்.

ரப்பர் வளையம் உள்ள ஒரு லிட்டர் காற்றுப்புகா டப்பா, உள்ளே 50 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிகா ஜெல், சின்ன டிஜிட்டல் ஈரமானி. அளவு 35 சதவீதத்துக்குக் கீழே நிற்கட்டும். ஜெல் பச்சையானால் அவனில் 110 முதல் 120 டிகிரி, இரண்டு மணி நேரம். அதற்கு மேல் சூடேற்றினால் நிறம் காட்டும் சாயம் கருகி, காய்ந்ததா ஈரமா என்றே தெரியாமல் போகும். ஆறிய பிறகுதான் டப்பாவுக்குள் வையுங்கள். துருவைக் கக்கும் பழைய கோண்ட்ரைட் இருந்தால் அதற்குத் தனி டப்பா.

நாணயம் வைக்கும் மெத்தென்ற பிவிசி உறை வேண்டவே வேண்டாம், அது நாளடைவில் அமில ஆவி விடும். பாலிஸ்டைரின் அல்லது பாலிபுரொப்பிலீன் பெட்டி. பஞ்சு வைத்தால் இழை மணிகளில் மாட்டி இழுக்கும், அடர்ந்த பாலிஎதிலீன் நுரைதான் சரி. துப்பாக்கி எண்ணெய், மெழுகு எதுவும் பூசாதீர்கள். இரும்பு விண்கல்லுக்குச் சொல்லும் வைத்தியம் இங்கே கறையாகத்தான் முடியும், பின்னால் பகுப்பாய்வுக்கும் ஆகாது.

இரண்டு படலங்களுக்கு நடுவே கல்லை நிறுத்தும் மெம்பிரேன் பெட்டி பார்க்க அழகு, ஆனால் உங்களுடையது ஆப்பு வடிவம். மூடும்போது படலம் தடித்த பக்கத்தை முதலில் அழுத்தி, 1.2 மி.மீ. ஓரத்தை நெம்பும். கண்ணாடி இழை ஓடும் இடத்தில்தான் உடையும். நுரையில் 1.2 முதல் 2.1 மி.மீ. வரை சரிவாகப் பள்ளம் வெட்டி, ஓட்டுப் பக்கம் ஆழத்தில் இருக்கும்படி படுக்க வையுங்கள். எடுக்கும்போது இடுக்கியால் தடித்த ஓரத்தை மட்டும் பிடியுங்கள், நைட்ரைல் கையுறையோடு. உதிரும் துகள்களை ஊதித் தள்ளாமல் ஒரு சிறு குப்பியில் சேர்த்து, அதன் மேலும் பெயரும் எடையும் எழுதுங்கள். நுண்ணோக்கி சொன்ன கிராம்பு எண்ணெய்ச் சோதனைக்கு அதுதான் சரக்கு.